வீழ்வதற்கும் ஓர் இடம் வேண்டும்

விளையாட்டு நல்லது என்பதை மறுப்பார் எவருமில்லை. இல்ல விளையாட்டுப் போட்டி நாளன்று கொடியேற்ற வரும் பெரியவர்கள் அதனை ஒலிபெருக்கியிற் சொல்லிவிட்டே ஆசனத்தில் அமர்கிறார்கள். உடலுக்கு உறுதி, உள்ளத்துக்கு ஒழுக்கம், தோல்வியைத் தாங்கும் பக்குவம் என்று அதன் பயன்களை அடுக்க நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பேச்சு முடியும் இடத்திற்றான் உண்மையான கேள்வி தொடங்குகிறது. ஏழைத் தொழிலாளி ஒருவனின் பிள்ளை, எவரும் அழைக்காமல், எவரும் பரிசு தராமல், தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து, அதற்காகக் கையையும் காலையும் முறித்துக்கொள்ளவும் துணிவானாயின், அச்செயலை நாம் எப்பெயரிட்டு அழைப்பது? வீரம் என்றா, ஒழுங்கீனம் என்றா?

இக்கேள்வியை நாம் நூலொன்றிலிருந்து எடுக்கவில்லை. பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையை ஒட்டிய தோட்டமொன்றின் சரிவிலிருந்து எடுத்தோம்.

அத்தோட்டத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளிற் பிற்பகலானதும் பிரட்டுக்களத்துக்கு மேலுள்ள சரிவிற் கூடுவார்கள். அவர்களிடம் இருந்தவை மூன்று சைக்கிள்கள். இருபது அங்குலச் சில்லும் தாழ்ந்த இருக்கையும் கொண்ட, பி.எம்.எக்ஸ். என்று வழங்கும் வகை. கடையிற் புதிதாக வாங்கியது அவற்றுள் ஒன்றுமில்லை. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியோடு சைக்கிளின் விலை பன்மடங்காக உயர்ந்தபின், புதிய சைக்கிள் என்பது லயத்துக் குடும்பத்தின் கனவிலும் வருவதில்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சட்டம், வேறெதிலிருந்தோ கழற்றிய கைப்பிடி, மூன்று முறை ஒட்டுப் போட்ட டியூப். இப்படிச் சேர்ந்தவையே அவை. பிரேக் கட்டை தேய்ந்த வண்டியை நிறுத்தச் செருப்புக் காலைப் பின்சில்லில் அழுத்துவார்கள். களிமண்ணையும் பழைய பலகையையும் கொண்டு ஒரு மேடு அமைத்திருந்தார்கள். ஒருவன் மேலிருந்து உருண்டுவந்து அம்மேட்டில் ஏறி அந்தரத்தில் எழுந்து இறங்குவான். இன்னொருவன் முன்சில்லைத் தூக்கியபடி பின்சில்லிலேயே களத்தின் கோடிவரை போவான்.

மூன்று சைக்கிளுக்கு எட்டுப் பேர். ஆகவே முறை வைத்துக்கொண்டார்கள். முறையை எழுதிவைக்கக் கணக்கப்பிள்ளை இல்லை; ஆயினும் அது பிசகியதை நாம் கண்டதில்லை. ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் முதலிற் சிரித்தார்கள்; பின்னர் ஓடிப்போய்த் தூக்கினார்கள்; அதன்பின் அவன் ஏன் விழுந்தான் என்று எல்லோரும் கூடி ஆராய்ந்தார்கள். அருகிலுள்ள சிங்களக் கிராமத்திலிருந்தும் இருவர் வருவார்கள். அந்த ஆராய்ச்சியில் எந்தச் சொல் எந்த மொழி என்று எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எமது வகுப்பு மாணவன் ஒருவன் அம்மேட்டிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டான். அவனுடைய தாயார் மறுநாள் கொழுந்துக்குப் போகவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அவருக்கு அன்றைய சம்பளம் இல்லாமற்போயிற்று. அவ்வாரமே ஆசிரியர் கூட்டம் கூடிற்று. மாணவர் எவரும் அச்சரிவிற் சைக்கிள் ஓட்டலாகாது. மீறினால் பெற்றோரை அழைத்துக் கண்டிப்பது என்று தீர்மானம் எழுதப்பட்டது. அதன்கீழ்க் கையொப்பமிட்டவர்களுள் நாமும் ஒருவர்.

அடுத்து வந்தது சித்திரைப் புத்தாண்டு. ஊரில் வழக்கமான விழா. கயிறிழுத்தல், தலையணைச் சண்டை, நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம். அந்த ஓட்டத்தில் முன்னணியில் வந்த இளைஞன் ஒருவன் மலைப்பாதையின் வளைவொன்றில் மண்ணிற் சறுக்கி விழுந்தான். முழங்கால் கிழிந்து இரத்தம் வழிய எழுந்து ஓட்டத்தை முடித்தான். ஒலிபெருக்கி அவனை வீரன் என்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நாமும் கைதட்டினோம். எமக்குப் பக்கத்தில், கையிற் கட்டுடன் நின்ற எமது மாணவன் மெல்லக் கேட்டான்: "ஏன் சேர், இவுங்க விழுந்தா மட்டும் கைதட்டுறீங்க?"

சரிவில் விழுந்தவனுக்குக் கண்டனம். வீதியில் விழுந்தவனுக்குக் கரகோஷம். கண்டனத்தில் ஒப்பமிட்ட கையும் கரகோஷம் செய்த கையும் ஒன்றே. அப்பையனுக்கு அன்று நாம் பதில் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சி.

*

நம் போன்றோர்க்கு முதலில் ஒரு தத்துவச் சிக்கல் இருக்கிறது. உழைப்பே மனிதனை மனிதனாக்கியது என்பதை நாம் ஏற்றுக்கொண்டவர்கள். குரங்கு மனிதனான மாற்றத்தில் உழைப்பு வகித்த பங்கைப் பற்றி ஏங்கெல்ஸ் 1876ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையை நம் வாசகருட் பலர் கற்றிருப்பர். கை உழைக்க உழைக்க நுட்பம் பெற்றது. நுட்பம் பெற்ற கை மூளையை வளர்த்தது. கூடி உழைத்தோரிடையே மொழி பிறந்தது. இது உண்மையாயின் விளையாட்டு எதற்கு? மறுபுறத்தில், ஜெர்மானியக் கவிஞர் ஷில்லர் 1795ஆம் ஆண்டில் வெளியிட்ட கடிதங்களில், மனிதன் விளையாடும்போதே முழுமனிதனாகிறான் என்னும் கருத்தை முன்வைத்தார். உண்டு உடுத்து ஓய்ந்திருப்பவனின் தத்துவம் இது என்று நம்மவர் சிலர் ஒதுக்கிவிடுவர்.

ஆனால் அந்தச் சரிவுக்குப் போய்ப் பார்ப்போர்க்கு இவ்விரு கருத்தும் பகையாகத் தோன்றமாட்டா. சங்கிலி அறுந்தபோது ஆணியையும் கல்லையும் கொண்டு அதை இணைத்த சிறுவன் செய்தது உழைப்பா, விளையாட்டா? மேட்டின் சாய்வு அதிகமென்று கண்டு மண்ணை வெட்டிச் சமன் செய்தவர்கள் செய்தது எது? கையும் கருவியும் நிலமும் கூட்டுறவும் அங்கே இருந்தன. உழைப்புக்கு வேண்டிய யாவும் இருந்தன. இல்லாதிருந்தவை இரண்டே: மேலே நின்று பார்க்கும் எசமான், மாலையில் நிறுக்கும் தராசு. எசமானும் தராசும் நீங்கிய உழைப்பைத்தான் பிள்ளைகள் விளையாட்டு என்கிறார்கள். எல்லா உழைப்பும் ஒருநாள் எப்படி இருக்கவேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதன் சிறுமாதிரி அது.

மலையகத்தில் இதற்கு ஒரு தனிப் பொருளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் குடும்பத்தின் உழைப்பாளி. 1990களில் எரிபொருட் தடையின்போது விறகையும் நெல்லையும் நோயாளியையும் சுமந்து அக்குடாநாட்டைத் தாங்கியது அதுவே. சமவெளியில் அது வாகனம். நமுனுகுலை மலையின் அடிவாரத்திலோ ஊவாவின் வேறெந்தத் தோட்டத்திலோ அதனால் என்ன பயன்? இறங்கும்போது உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும். ஏறும்போது நாம்தான் அதனைச் சுமக்கவேண்டும். இங்கே சைக்கிளினால் ஆகும் காரியம் அநேகமாக ஒன்றுமில்லை. ஆகவேதான் அது எமது பிள்ளைகளின் கையில் கலப்பற்ற விளையாட்டாக நிற்கிறது. பயனில்லாத பொருளொன்றைத் தொழிலாளியின் பிள்ளை நேசிப்பதைக் காணும்போது, அவனைப் பயனால் மட்டுமே அளந்து பழகிய உலகத்துக்கு எரிச்சல் உண்டாகிறது.

எப்படி அளந்தது என்பதற்குச் சான்று சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தியத் தொழிலாளர்க்கெனப் பிறப்பிக்கப்பட்ட 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என மூன்று சம்பள விகிதங்கள் வகுக்கப்பட்டன. பிள்ளை அக்காலத்திலேயே பேரேட்டில் ஒரு வரி. அவனுடைய சிறுவிரல்களுக்கும் ஒரு விலை இருந்தது. அவனுடைய பிற்பகலுக்கு விலை இல்லை, ஏனெனில் அவனுக்குப் பிற்பகலே இல்லை. மலையகத்தின் மூத்த எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளை தம் மக்களைப் பற்றிய நூலுக்கு 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை இட்டார். அத்தலைப்பு ஒரு குற்றச்சாட்டு. அதனை நாம் இயற்கை நியதியாக வாசிக்கப் பழகிவிட்டோமோ என்ற அச்சம் எமக்கு உண்டு. இன்று சட்டம் மாறிவிட்டது; வேலைக்கமர்த்தக்கூடிய வயது 2021ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. பேரேட்டிலிருந்து பிள்ளை நீங்கினான். நம் மனத்திலிருந்து நீங்கினானா? "சும்மா சுற்றுகிறான்" என்று நாம் சலித்துக்கொள்ளும்போது, அந்தப் பழைய பேரேட்டை அல்லவா திறக்கிறோம்?

*

"ஆபத்து ஐயா, ஆபத்து! அதனாற்றான் தடுத்தோம்" என்று எமது சக ஆசிரியர்கள் கூறுவர். நாமும் கூறினோம். அந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிடலாகாது. எலும்பு முறிந்தது உண்மை. தாயின் கூலி போனது உண்மை. பிள்ளையின் துணிவைப் பாடிவிட்டு, அவன் வலியைத் தாயிடம் விட்டுச் செல்லும் எழுத்தாளர் கூட்டத்தில் நாம் சேரமாட்டோம்.

ஆனால் ஆபத்து என்ற சொல்லை நம் சமுதாயம் எங்கே உரக்கச் சொல்கிறது, எங்கே விழுங்கிவிடுகிறது என்று பார்க்கவேண்டும். மழை நாளில் வழுக்கும் சரிவில் முதுகிற் கூடையோடு பெண்கள் ஏறுகிறார்கள். குளவி கொட்டித் தொழிலாளர் மாண்ட செய்தி பத்திரிகையின் மூலையில் வந்து மறைகிறது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் உகந்ததன்று என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சரிவுகளிலெல்லாம் பிள்ளைகள் உறங்கலாம், தாய்மார் உழைக்கலாம், சைக்கிள் மட்டும் ஓட்டலாகாது! இலாபத்துக்கான ஆபத்து கடமை எனப்படுகிறது. வேடிக்கைக்கான ஆபத்து வீரம் எனப்படுகிறது. பிள்ளை தன் மகிழ்ச்சிக்காகத் தானே தேர்ந்த ஆபத்து ஒன்றுதான் ஒழுங்கீனம். இந்த அளவுகோல் பிள்ளையின் உடலைக் காக்க எழுந்ததன்று. அவ்வுடல் யாருக்கு உரியது என்பதைச் சொல்ல எழுந்தது.

இந்த விளையாட்டின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1970ஆம் ஆண்டையொட்டித் தென் கலிபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் ஓட்ட வயதோ பணமோ இல்லாத சிறுவர்கள், பெரியவர்களின் மண்பாதை மோட்டார் சைக்கிள் பந்தயத்தைக் கண்டு, தம் சிறு சைக்கிள்களில் வெற்று நிலங்களில் அதனை நடித்துப் பார்த்தார்கள். பைசிக்கிள் மோட்டோகிராஸ் என்ற அதன் பெயரே பி.எம்.எக்ஸ். எனச் சுருங்கியது. அவர்களுக்குப் பயிற்சியாளர் இல்லை; மைதானம் இல்லை. பின்னர் சங்கங்கள் வந்தன, கம்பெனிகள் வந்தன, தொலைக்காட்சி வந்தது. 2008ஆம் ஆண்டு பீஜிங்கில் அதன் ஓட்டப்பந்தயம் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், அந்தரத்தில் வித்தை காட்டும் பிரிவும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 60 விநாடி. நடுவர்கள் புள்ளி இடுவார்கள்.

அந்த முதற் போட்டியிற் பெண்கள் பிரிவில் வென்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் வொர்திங்டன். உணவகமொன்றில் சமையல் வேலை பார்த்தவர் அவர். முதற் சுற்றில் விழுந்தார். இரண்டாம் சுற்றில், விழவைத்த அதே வித்தையை மீண்டும் முயன்றார். பின்பக்கம் கரணமடித்தவாறே முழுவட்டம் சுழன்று இறங்கினார். பெண்கள் போட்டியில் அதற்குமுன் எவரும் செய்யாத வித்தை அது. உலகம் எழுந்து நின்று கைதட்டியது.

அவருடைய துணிவை நாம் வணங்குகிறோம். ஆயினும் அத்துணிவுக்கு அடியில் என்ன இருந்தது என்றும் பார்க்கிறோம். இத்தகைய வித்தைகளைப் பழகுவோர், முதலில் மென்பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பள்ளத்திலே நூற்றுக்கணக்கான முறை விழுந்து பழகுகிறார்கள். தலைக்கவசம் உண்டு; மருத்துவர் உண்டு; அரசின் பணம் உண்டு. எமது மாணவனுக்கு அடியில் இருந்தது ஊவாவின் செம்மண், அதன்கீழே கருங்கல். இருவர் நெஞ்சிலும் இருந்த துணிவு ஒன்றாயிருக்கலாம். இருவரும் விழுந்த இடம் ஒன்றன்று. வீழ்ச்சிக்கும் வர்க்கபேதம் உண்டு. வசதியுள்ளவன் விழுந்தால் அது பயிற்சி. இல்லாதவன் விழுந்தால் அது விபத்து.

*

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் இடைமறிக்கலாம்: "அப்படியாயின் போட்டிகள் யாவும் முதலாளித்துவத்தின் வேடிக்கை, சரிவிற் கூடும் பிள்ளைகளின் விளையாட்டே தூயது என்கிறீர்களா?" அவ்வளவு எளிதாக நாம் சொல்லமாட்டோம்.

போட்டி மனிதனுக்கு ஒரு சாட்சியைத் தருகிறது. லயத்தில் பிறந்தவனின் பெயரை ஊர் முழுதும் கேட்க ஒலிபெருக்கி உச்சரிக்கும் நாள் அவன் வாழ்வில் அடிக்கடி வருவதில்லை. அந்த மதிப்பை அற்பமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. மேலும், போட்டியின் விதி வானத்திலிருந்து விழுந்ததன்று, மனிதன் வகுத்தது. அதே சித்திரை விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியும் நடந்தது. காலைத் தரையில் ஊன்றலாகாது. கோட்டைக் கடைசியாகக் கடப்பவனே வெற்றி பெற்றவன். பாதை முழுதும் அவசரப்பட்டவர்கள் தோற்றார்கள். அசையாமல் நிற்கும் அளவுக்குச் சமநிலை கற்றவன் வென்றான். கடைசியில் வருபவனை முதல்வனாக்கும் விதியை நம் கிராமத்தார் சிரித்துக்கொண்டே இயற்றியிருக்கிறார்கள். எதை மதிப்பது என்பதை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்கே கிடைக்கும்?

ஆயினும் போட்டி மட்டுமே விளையாட்டு என்று ஆகும்போது, வெல்லக்கூடியவன் மாத்திரமே விளையாடத் தகுந்தவன் ஆகிறான். எட்டுப் பேருள் ஒருவன் பரிசு பெறுகிறான், எழுவர் பார்வையாளராகிறார்கள். சரிவிலோ பார்வையாளர் இல்லை. முறைக்காகக் காத்திருப்பவர்களே இருக்கிறார்கள். ஒருவன் கற்ற வித்தை மறுவாரம் எல்லோருக்கும் உரியதாகிறது. அங்கே பொதுவுடைமை என்ற சொல்லை எவரும் அறியார், பொருளை அறிந்திருக்கிறார்கள்.

தொழிலாளர் இயக்கம் இதனை ஒருகாலத்தில் நன்கு அறிந்திருந்தது. 1894ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில், 'கிளாரியன்' என்னும் சோசலிச ஏட்டின் வாசகர்கள் சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிற் கிராமங்களுக்குக் கூட்டமாகச் சென்று, உல்லாசமாகவும் இருந்தார்கள், துண்டுப்பிரசுரமும் கொடுத்தார்கள். ஜெர்மனியில் 1896ஆம் ஆண்டில் தொழிலாளர் சைக்கிள் சங்கமொன்று 'ஒருமைப்பாடு' என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அதனைத் தடைசெய்தார்கள். கொடுங்கோலர்க்கும் தெரிந்திருக்கிறது, தாமாகக் கூடி விளையாடுபவர்கள் தாமாகக் கூடிச் சிந்திக்கவும் கூடும் என்று.

சரிவின் குறையொன்றையும் மறைக்கலாகாது. அந்த எட்டுப் பேருள் ஒரு பெண்பிள்ளையும் இல்லை. பையன்கள் விளையாடும் வேளையில் அவர்களுடைய தங்கையர் பீலியில் குடம் பிடிக்கிறார்கள், விறகு பொறுக்குகிறார்கள். பகலெல்லாம் மலையிலே தாய் உழைக்க, வீட்டுவேலை மகளின் பங்காகிறது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பிற்பகல் இல்லை. இது மாறாதது என்று எவரும் சொல்லவேண்டாம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, வயற்கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். ஊர் முதலிற் சிரித்தது, பின்னர் வழிவிட்டது. பெண்பிள்ளைக்கு முறை வராத களம் பாதிக்களமே.

*

ஆக, அப்பையனின் கேள்விக்குப் பதில் என்ன?

விளையாட்டு பிள்ளையின் உரிமை. பெரியவர் மனமிரங்கித் தரும் சலுகையாக அதனைக் கருதலாகாது. ஐக்கிய நாடுகள் சபை 1989ஆம் ஆண்டில் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் பிரிவு அவ்வாறே கூறுகிறது. இலங்கை 1991ஆம் ஆண்டில் அதனை ஏற்று உறுதிசெய்தது. ஆனால் உரிமை காகிதத்தில் நிற்பது. விளையாட்டோ நிலத்தில் நிற்பது. தோட்டத்தில் சமமான நிலமெல்லாம் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் பிரட்டுக்கும். மிகுந்த நிலமெல்லாம் தேயிலைக்கு. 7 பேர்ச் காணியும் வீடும் என்று அண்மைக் காலத்தில் தொழிலாளர் பெற்ற வாக்குறுதியே இன்னும் எல்லோரையும் எட்டவில்லை. அந்த 7 பேர்ச்சுக்குள் அடுப்பு எரியலாம். பிள்ளை ஓட இடமேது? காணிக் கோரிக்கையில் விளையாட்டுக் களத்தையும் ஒரு வரியாக எழுதத் தொழிற்சங்கங்களை நாம் வேண்டுகிறோம்.

அதற்குமுன் எமது கடமை ஒன்று இருக்கிறது. எமது பாடசாலையின் விளையாட்டு அறையில், உயரம் பாய்தலுக்கென வாங்கிய மெத்தைகள் இரண்டு உள்ளன. ஆண்டில் ஒருநாள், போட்டி நாளன்று, அவை வெளியே வரும். மற்றைய நாளெல்லாம் பூட்டுக்குள் இருக்கும். பழுதாகாமற் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்படுகிறது. பிள்ளைகள் பழுதானாலும் மெத்தை பழுதாகலாகாது! தடையுத்தரவில் ஒப்பமிட்ட அன்று, அந்தச் சாவி எமது மேசை இழுப்பறையிலேயே இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

சென்ற ஆசிரியர் கூட்டத்தில் நாம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தோம். பழைய தடையை நீக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரட்டுக்களத்தை இரண்டு மணிநேரம் பிள்ளைகளுக்கு விடுமாறு தோட்ட நிர்வாகத்துக்குப் பாடசாலை எழுதவேண்டும். மெத்தைகளை அங்கே கொண்டுசெல்லவேண்டும். முறைவைத்து ஓர் ஆசிரியர் உடனிருக்கவேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் முறை உண்டு என்று சொல்லிவைக்கவேண்டும். பேசியவர் பலர், ஆதரித்தவர் மூவர். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்திலும் அதனைக் கொண்டுவருவோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளிற் பிற்பகலில் நாம் அந்தச் சரிவில் நிற்கிறோம். எமக்குச் சைக்கிள் வித்தை எதுவும் தெரியாது. விழுகிறவனைத் தூக்கத் தெரியும். கை தேறிவிட்ட எமது மாணவன் மேட்டின் சாய்வைக் குறைத்திருக்கிறான். மண்வெட்டி எம்முடையது.